என் வீட்டுச் சுவர் எனக்குக் கற்றுக் கொடுத்த பாடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். போன மாசக் கூட்டத்தில் தலைவி அக்கா, "பொங்கல் வருது, எல்லாரும் வீட்டுக்கு வண்ணம் அடிப்பாங்க. நீ உன் வீட்டுக்கு அடிச்ச கதையை வந்து சொல்லு"ன்னு சொன்னாங்க. ஆடு வளர்த்து முன்னேறினவங்க, தையல் கடை வச்சவங்க எல்லாம் பேசுற இடத்தில், சுவருக்குப் பெயிண்ட் அடிச்சதையா பேசுறதுன்னு எனக்குக் கூச்சம். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். எங்க வீட்டுச் சுவரிலிருந்து உரிந்து விழுந்தது நம்ம குழுப் பணம் 15,000 ரூபாய். அதனால இங்கே வந்து சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கு.

எங்க ஊர் வேதாரண்யம் பக்கம். எங்க வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை பார்க்கிறார். மழை பிடிச்சா அளத்தில் வேலை கிடையாது. அந்த மூணு நாலு மாசம் எங்க வீட்டில் அடுப்பு எரியறதே குழுவை நம்பித்தான். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலில் எங்க மண் சுவர் வீடு விழுந்துச்சு. உங்களில் பாதிப் பேருக்கு அந்த ராத்திரி எப்படின்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுக்கப்புறம் தொகுப்பு வீடு கிடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா எழுப்பி, 2021 ஆடி மாசக் கடைசியில்தான் உள்பூச்சு முடிஞ்சது. ஒரு கூடம், ஒரு ரூம், ஒரு அடுப்படி. அவ்வளவுதான் வீடு.

அதே நேரம் எங்க பொண்ணு பெரியவளாயிட்டா. ஆவணியில் சடங்கு வைக்கணும்னு நாள் குறிச்சாச்சு. எங்க அண்ணன் சீர் கொண்டு வரப் போறார், சொந்தக்காரங்க எல்லாம் வரப் போறாங்க. சிமெண்ட் பூச்சோட வீடு சாம்பல் நிறத்தில் நின்னா நல்லாவா இருக்கும்? குழுவில் உள்கடன் கேட்டேன். நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. தீர்மான நோட்டில் "வீட்டுப் பராமரிப்பு"ன்னு எழுதி 15,000 கொடுத்தாங்க.

வேலைக்கு வந்த பெயிண்டர் தம்பி சுவரைத் தொட்டுப் பார்த்துட்டு, "அக்கா, பூசிப் பத்து நாள்தான் ஆச்சு. உள்ளுக்குள்ள ஈரம் இருக்கு. ஒரு மாசமாச்சும் போகட்டும்"னார். அவர் மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். நான்தான், "விசேஷம் பன்னிரண்டு நாள்ல இருக்கு தம்பி, நீங்க அடிங்க"ன்னு சொன்னேன். எங்க அத்தை, அதான் என் மாமியார், திண்ணையில் உட்கார்ந்து, "ஏ புள்ள, ஈரத்து மேல பூசினா நிக்காதுடி"ன்னு சொன்னாங்க. படிக்காதவங்க, பெயிண்டைப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்னு நினைச்சேன்.

கூடத்துக்கு ரோஸ், ரூமுக்கு இளம்பச்சை. விசேஷத்தன்னைக்கு வந்தவங்க எல்லாம் "வீடு லட்சணமா இருக்கு"ன்னு சொன்னாங்க. எனக்குப் பெருமை தாங்கல.

அந்த வருஷம் நவம்பர் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விட்டு விட்டுப் பெய்ஞ்சு தள்ளுச்சு. முதல்ல மேற்குச் சுவரில் அப்பளம் மாதிரி உப்பி வந்துச்சு. கையை வச்சா பெயிண்ட் தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. உள்ளே வெள்ளையா, பஞ்சு பஞ்சா உப்பு. எங்க வீட்டுக்காரர், "நான் அளத்துல விளைய வைக்கிறது போதாதுன்னு நீ செவுத்துல வேற விளைய வைக்கிறியா?"ன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். எனக்குத்தான் அழுகை வந்துச்சு.

மார்கழிக்குள்ள நாலு சுவரும் சொறி பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அளத்தில் வேலை இல்லை, தவணை மட்டும் நிக்காது. ரெண்டு மாசம் பணம் கட்ட முடியாம கூட்டத்தில் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்தேன். ஒரு அக்கா, "மாடு வாங்கினாப் பாலாச்சும் கறந்திருக்கும். செவுத்துல ஒட்டின காசு திரும்பியா வரும்?"ன்னாங்க. அவங்க சொன்னது நியாயம்தான். மூணாவது மாசம், எங்க அண்ணன் சடங்குக்குப் போட்ட பொண்ணோட வெள்ளிக் கொலுசை அடகு வச்சுத் தவணை கட்டினேன். எந்த விசேஷத்துக்காக அவசர அவசரமாப் பெயிண்ட் அடிச்சேனோ, அந்த விசேஷத்தில் வந்த கொலுசு. அதைக் கழற்றிக் கொடுக்கும்போது பொண்ணு ஒரு வார்த்தை கேட்கல. அவ கேட்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

சகோதரிகளே, இது ஏன் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

புதுசாப் பூசின சிமெண்ட் சுவர் வெளியே காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். தண்ணி ஊத்தி நனைச்சு ஆறப் போட்டு, அப்புறம் குறைஞ்சது நாலு வாரம் காய விடணும். மழை நாளா இருந்தா இன்னும் கூடுதலா விடணும். அதுக்குள்ளே எமல்ஷன் அடிச்சா, பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி சுவரை மூடிடும். உள்ளே இருக்கிற தண்ணி வெளியே வர வழி தேடிப் பெயிண்டைத் தள்ளும். வரும்போது சுவரில் இருக்கிற உப்பையும் கூட்டிக்கிட்டு வரும். தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு அங்கேயே பூத்து நிக்கும். எங்க வீட்டில் இன்னொரு தப்பும் நடந்துச்சு. கொத்தனார் நல்ல தண்ணி வண்டி வாங்கச் சொன்னார். நாங்க காசு பார்த்துக்கிட்டு, வீட்டுப் பக்கத்து அடிபம்புத் தண்ணியிலேயே கலவை போடச் சொன்னோம். எங்க ஊர்த் தண்ணி வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அந்த உப்பை நாங்களே சுவருக்குள்ளே வச்சுப் பூசிட்டோம். கடலோரத்தில் இருக்கிற சகோதரிகள் இதை மட்டுமாவது மனசில் வச்சுக்கோங்க. கலவைக்கு நல்ல தண்ணி வாங்குற காசு வீண் செலவு ஆகாது.

2022 பங்குனியில், வெயில் ஏறின பிறகு, நானே திரும்ப அடிக்கலாம்னு முடிவு பண்ணினேன். கடன் வாங்கல. சிறுவாட்டுப் பணம் 4,000 ரூபாய் வச்சிருந்தேன். எங்க குழுவில் திருப்பூரில் கட்டட வேலைக்குச் சித்தாளாப் போய் வந்த பெரியக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க பெயிண்டர்களுக்கு எடுபிடியா இருந்து எல்லாத்தையும் பார்த்து வச்சிருந்தாங்க. அந்த அக்கா சொல்லிக் கொடுத்தாங்க, அந்தப் பெயிண்டர் தம்பியும் வழியில் பார்க்கும்போதெல்லாம் யோசனை சொன்னார்.

முதல்ல செய்ய வேண்டியது ஈரம் பார்க்கிறது. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வச்சு, நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. மறுநாள் பிரிச்சுப் பாருங்க. தாளின் உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தா சுவரில் ஈரம் இருக்கு, பெயிண்ட் பக்கமே போகாதீங்க. ஒரு தாளும் ஒரு டேப்பும்தான் செலவு. இதை அன்னைக்கே செஞ்சிருந்தா என் 15,000 தப்பிச்சிருக்கும். எங்க வீட்டில் மேற்குச் சுவர் மட்டும் வேர்த்துச்சு, மத்தது காஞ்சிருந்துச்சு.

ரெண்டாவது, சுரண்டுறது. உப்பின பெயிண்ட் ஒரு பொட்டு விடாம ஸ்கிராப்பரால் சுரண்டணும். உப்பு பூத்த இடத்தைக் காஞ்ச பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளணும். தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்பச் சுவருக்குள்ளேயே போயிடும். பழைய சுண்ணாம்பு அடிச்ச சுவரா இருந்தா, கையைத் தேய்ச்சுப் பாருங்க. மாவு ஒட்டினா அது மேல பெயிண்ட் நிக்காது. அதையும் சுரண்டித் துடைக்கணும். எங்க வீட்டில் சுரண்டுறதுக்கு மட்டும் ஆறு நாள் ஆச்சு. வண்ணம் அடிக்க ரெண்டு நாள்தான். பெயிண்ட் வேலையில் முக்கால்வாசி பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடணும்.

மூணாவது, விரிசலும் ஓட்டையும். விரிசலை ஸ்கிராப்பர் முனையால் கொஞ்சம் அகலமாக் கீறி விட்டுப் பட்டி வச்சு அடைக்கணும். வெள்ளை சிமெண்ட் பட்டியா இருந்தா முதல்ல சுவரை லேசா நனைச்சுக்கணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ளே எவ்வளவு பூச முடியுமோ அவ்வளவு மட்டும் குழைக்கணும், அப்புறம் இறுகிடும். மெல்லிசா ரெண்டு தடவை வைக்கலாம், கனமா ஒரே தடவை வைக்கக் கூடாது. காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தூசியைத் துணியால் துடைச்சிடணும். தேய்க்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கோங்க.

நாலாவது, பிரைமர். காசு மிச்சம்னு இதை விட்டுடாதீங்க. பிரைமர் இல்லாட்டி சுவர் பெயிண்டைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், ரெண்டு கோட்டில் முடியிறது மூணு கோட்டு ஆகும். பிரைமர் அடிச்சு ஒரு ராத்திரி விட்டேன்.

அப்புறம்தான் வண்ணம். மேல் தளத்தை முதல்ல அடிச்சுட்டு, சுவரை மேலிருந்து கீழே அடிக்கணும். மூலை, ஜன்னல் ஓரம், சுவிட்ச் பெட்டி ஓரம் எல்லாம் பிரஷ்ஷால் இழுத்துட்டு, நடுவில் ரோலர். சுவிட்ச் பெட்டிப் பக்கம் கை வைக்கும்போது மெயினை அணைச்சிடுங்க. முதல் கோட்டு காஞ்சு நாலு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது கோட்டு. ஒரே கலரில் ரெண்டு டப்பா வாங்கினா, ரெண்டையும் ஒரு பக்கெட்டில் ஒண்ணாக் கலந்துக்கோங்க. இல்லாட்டி பாதிச் சுவர் ஒரு சாயலும் மீதிச் சுவர் ஒரு சாயலுமா நிக்கும்.

எவ்வளவு வாங்கறதுன்னு கணக்கும் சொல்றேன். பத்துக்குப் பத்து ரூம், பத்து அடி உயரம்னா நாலு சுவரும் சேர்த்து 400 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு ஒரு 40 கழிச்சா 360. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன், ரெண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வரும். அப்போ ஒரு 4 லிட்டர் டப்பா போதும். சொரசொரப்பான சுவர்னா கூடக் குடிக்கும். கடைக்குப் போகும்போது இந்தக் கணக்கைக் கையில் எழுதிக்கிட்டுப் போனா, கடைக்காரர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட வேண்டாம்.

எனக்கு ஆன செலவு: எமல்ஷன் 2,200, பிரைமர் 600, பட்டி 200, பிரஷ், ரோலர் 450, சுண்ணாம்பு 300, ஸ்கிராப்பர், உப்புத்தாள் 150. மொத்தம் 3,900 ரூபாய். சிறுவாட்டில் 100 ரூபாய் மிச்சம்.

சுண்ணாம்பு எதுக்குன்னு கேட்பீங்க. அந்த மேற்குச் சுவருக்கு. அங்கேதான் எங்க அத்தை வந்தாங்க. "எண்ணெய்த் தோல் மாதிரி பூசாத. சுண்ணாம்பு அடி, செவுரு மூச்சு விடட்டும்"னாங்க. அத்தை சொன்னது சரிதான். சுண்ணாம்பு சுவரை அடைக்காது, ஈரம் வெளியே வந்துடும். ஓதம் ஏறுற சுவருக்கு அதுதான் நல்லது. கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணியில் ஊற வச்சு, மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோத்துக் கஞ்சி கலந்து, துளி நீலம் போட்டு அத்தையே கலக்கிக் கொடுத்தாங்க. மட்டையைப் பிடிச்சு முதல் இழுப்பும் அவங்கதான் இழுத்தாங்க. எழுபது வயசு. கை நடுங்கல.

எங்க பழைய மண் வீட்டில் வருஷா வருஷம் தை பிறக்கிறதுக்கு முன்னாடி, அவங்கதான் செம்மண் குழைச்சுப் பூசி, அது காஞ்ச பிறகு வெள்ளையடிச்சு, அடியில் காவிப் பட்டை போடுவாங்க. ஒரு பூச்சு காயாம அடுத்த பூச்சு வைக்க மாட்டாங்க. அதைத்தான் அன்னைக்குத் திண்ணையிலிருந்து எனக்குச் சொன்னாங்க. மண்ணும் சாணியுமா இருந்த வரைக்கும் சுவர் வேலை நம்ம வேலையா இருந்துச்சு. டப்பாவில் பெயிண்ட் வந்ததும் அது ஆம்பிளைங்க வேலைன்னு நாமளே ஒதுங்கிட்டோம்.

மூணு ஜாக்கிரதை சொல்லிடறேன். சுட்ட சுண்ணாம்பில் தண்ணி விட்டதும் கொதிக்கும். பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க. கண்ணில் தெறிச்சா உடனே நிறைய நல்ல தண்ணியால் கால் மணி நேரமாவது கழுவிக்கிட்டே இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ரெண்டாவது, விறகடுப்புப் புகை பிடிச்ச அடுப்படிச் சுவரைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிக் காய விடாம அடிச்சா, கரி மஞ்சளா மேலே வந்துடும். மூணாவது முக்கியம். பழைய கதவு, ஜன்னல் எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி சின்னப் பிள்ளைங்க மூளை வளர்ச்சியையே பாதிக்கும்னு கிராம செவிலியர் அம்மா சொன்னாங்க. காஞ்ச மேனிக்குச் சுரண்டாதீங்க. நனைச்சுச் சுரண்டி, கீழே பேப்பர் விரிச்சு எல்லாத்தையும் அள்ளிடுங்க. மாசமா இருக்கிறவங்க, குழந்தைங்க அந்தப் பக்கம் வர வேண்டாம். 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. பிபிஎம்னா பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வாங்கும்போது டப்பாவில் அதைப் பாருங்க.

நான் அடிச்ச சுவர் அதுக்கப்புறம் வந்த மழையெல்லாம் தாங்கி நிக்குது. மேற்குச் சுவரில் மட்டும் இன்னமும் வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் உப்பு பூக்கும். கூட்டி அள்ளிட்டுச் சுண்ணாம்பு அடிச்சுக்கிறேன். முழுசா சரியாயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கொலுசை அந்த வருஷம் ஆனியில் திருப்பிட்டேன். பொண்ணுதான் அன்னைக்கு ரோலர் பிடிச்சா. அவ ரூமுக்கு அவளே வெளிர் மஞ்சள் அடிச்சுக்கிட்டா.

எங்க வீட்டைப் பார்த்துட்டு, "செவுத்துல ஒட்டின காசு"ன்னு சொன்ன அதே அக்காதான் முதல்ல என்னைக் கூப்பிட்டாங்க. நடவுக்கு ஆள் மாத்திப் போற மாதிரி, ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய் இதுவரைக்கும் எங்க குழுவில் ஐந்து வீடு அடிச்சிருக்கோம். போன வருஷம் வெளியே ஒருத்தர் வீட்டுக்கு என்னையும் ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. வேலையெல்லாம் பேசி முடிச்சுட்டு, "பொம்பளைங்களுக்குச் சித்தாள் கூலிதான்"னாங்க. பெரியக்கா, "பிரஷ் பிடிக்கிற கை பொம்பளை கைன்னு செவுத்துக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுட்டு எழுந்து வந்துட்டாங்க. அந்த வேலை போச்சு. அடுத்து வந்தவங்ககிட்ட ஆள் கூலி பேசல, சதுர அடிக் கணக்கில் பேசினோம். சதுர அடிக்கு ஆம்பிளை, பொம்பளை கிடையாது. அந்த வீட்டை நாலு நாளில் முடிச்சுப் பேசின பணத்தை முழுசா வாங்கினோம்.

கூட்டமைப்புத் தலைவி அக்காவிடம் ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, ஒரு ஏணி, ரெண்டு ரோலர், நாலு ஸ்கிராப்பர் கூட்டமைப்பு வாங்கி அலுவலகத்தில் வச்சா, சின்ன வாடகைக்கு எல்லாக் குழுவும் எடுத்துக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படுற ஏணியை வீட்டுக்கு வீடு வாங்க முடியாது. இன்னொண்ணு, வீட்டுப் பராமரிப்புக்குக் கடன் கேட்டு யாராச்சும் வந்தா, ஊக்குநர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சுவர் காஞ்சிடுச்சா?" அன்னைக்கு என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தா, நான் அந்த சாம்பல் சுவரோடவே சடங்கு வச்சிருப்பேன். வந்தவங்க சாப்பிட்டுட்டு வாழ்த்திட்டுத்தான் போயிருப்பாங்க. சுவரைப் பார்த்து யாரும் திரும்பிப் போயிருக்க மாட்டாங்க.